‘போலீஸைக் கூப்பிட்டால் நாடு கடத்திவிடுவார்களாம்’: ஒரு தாயின் கடிதத்துக்கு வழக்கறிஞரின் பதில்

குடவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மகள் பொறியியல் படித்துவிட்டுச் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்தில் திருமணம். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தில் மென்பொருள் வேலை, எச்-1பி என்ற வேலை விசா. மகள் அவரைச் சார்ந்த எச்-4 விசாவில் போனார். அங்கே பிறந்த பேரனுக்கு இப்போது மூன்று வயது. பிரசவத்துக்கு இந்தத் தாய் போயிருந்தபோதே, மகளின் பாஸ்போர்ட் மாப்பிள்ளையின் மேசை டிராயருக்குள் பூட்டிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். ‘பத்திரத்துக்குத்தானே’ என்று அப்போது பேசாமல் இருந்துவிட்டார். மகள் பெயரில் வங்கிக் கணக்கு இல்லை. அடி, இரண்டு வருடமாக. போன மாதம் பிடித்துத் தள்ளியதில் உதடு கிழிந்திருக்கிறது. மகள் இப்போது குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் நாலைந்து நிமிடம் பேசுகிறார். பேசி முடித்ததும் அந்த அழைப்பைப் போனிலிருந்து அழித்துவிடுகிறார். ‘போலீஸுக்குப் போனால் உன்னை நாடு கடத்திவிடுவார்கள், பிள்ளை என்னிடம்தான் இருப்பான், நான் ஒரு போன் போட்டால் உன் விசா ரத்து’ என்பது மாப்பிள்ளையின் மிரட்டல்.

தாய் மூன்று கேள்விகள் கேட்கிறார். தம்பி கல்யாணத்தைச் சொல்லி மகளையும் பேரனையும் வரவழைத்துவிட்டு, திருப்பி அனுப்பாமல் இருந்துவிடலாமா? மன்னார்குடியில் இருக்கும் சம்பந்தி வீட்டார் மீது மகளிர் காவல் நிலையத்தில் உடனே புகார் கொடுக்கலாமா? 2 லட்சம் ரூபாய் தந்தால் மகளுக்குத் ‘தனி விசா’ வாங்கித் தருவதாகத் தஞ்சாவூரில் ஒருவர் சொல்கிறார், நம்பலாமா?

அம்மா, மூன்றாவது கேள்விக்கு ‘வேண்டவே வேண்டாம்’ என்பதுதான் பதில். முதல் இரண்டுக்கும் ‘இப்போது வேண்டாம்’. மகளை எப்படியாவது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பில்தான் உங்கள் கடிதம் முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. பெற்ற வயிறு அப்படித்தான் நினைக்கும். ஆனால் உங்கள் மகளை இன்றைக்குக் காப்பாற்றக்கூடிய சட்டம், இன்றைக்கு அவர் நிற்கும் ஊரில்தான் இருக்கிறது. அதைத் தொடாமல் அவசரமாக விமானம் ஏறினால், கையில் இருக்கும் உரிமைகளையும் அங்கேயே விட்டுவிட்டு வருவதாக ஆகிவிடலாம். நான் கும்பகோணத்து நீதிமன்றங்களில் வாதாடுகிறவள். அமெரிக்க மனுக்களை அங்கே உரிமம் பெற்ற வழக்கறிஞர்தான் போட வேண்டும். அவரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு போவதற்காக இதை எழுதுகிறேன்.

மிரட்டலில் எவ்வளவு உண்மை?

போலீஸைக் கூப்பிட்டதற்காக யாரையும் நாடு கடத்த முடியாது. உங்கள் மகள் செல்லுபடியாகும் விசாவில் சட்டப்படி இருக்கிறவர். அடிபட்டவர் புகார் சொல்வது எந்த நாட்டிலும் குற்றம் இல்லை. நியூ ஜெர்சியில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு: அந்த மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் 2018-ல் பிறப்பித்த ஆணைப்படி, வழக்குக்குத் தேவைப்பட்டால் தவிர உள்ளூர் போலீஸ் ஒருவரின் குடியேற்ற நிலையைக் கேட்கக் கூடாது.

‘ஒரு போன் போட்டால் விசா ரத்து’ என்பதும் பொய். கணவர் கோபித்துக்கொண்டு ரத்து செய்துவிட எச்-4 என்ன ரேஷன் அட்டையா? அவருடைய எச்-1பி நடப்பில் இருந்து, சட்டப்படி இவர் மனைவியாகவும் இருக்கும் வரை, அந்த அந்தஸ்து தன் தேதி வரைக்கும் நிற்கும். இந்த மிரட்டலில் ஒளிந்திருக்கும் உண்மை வேறு. அதைத்தான் கவனிக்க வேண்டும். மாப்பிள்ளை வேலையை இழந்தால், அதிகபட்சம் 60 நாள் அவகாசத்துக்குப் பிறகு மகளின் அந்தஸ்தும் ஆட்டம் காணும். விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டால் எச்-4 முடிந்தது. நீட்டிப்பு மனுவை மாப்பிள்ளை வேண்டுமென்றே போடாமல் விட்டாலும், தேதி கடந்த மறுநாளிலிருந்து மகள் சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிவிடுவார். அந்தத் தேதி ‘ஐ-94’ என்ற வருகைப் பதிவில் இருக்கிறது. பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் தெரிந்தால் அந்நாட்டு அரசின் இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். திருமணத்தின்போது விசாவுக்காக எடுத்த பாஸ்போர்ட் ஜெராக்ஸ் உங்கள் பீரோவில் எங்கேயாவது இருக்கும், தேடுங்கள். டிராயர் பூட்டியிருப்பது அப்போது அவ்வளவு பெரிய தடையாக இருக்காது.

மாப்பிள்ளையின் மீது வழக்கு வந்தால் மகளுக்கும் ஆபத்து என்று உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. குடும்ப வன்முறையில் தண்டனை பெற்றவரை அமெரிக்கா நாடு கடத்தலாம். அவர் போனால் அவரைச் சார்ந்த விசாவும் போகும். அதனால்தான் மகளுக்குக் கணவரைச் சாராத வழியை முதலிலேயே தேடச் சொல்கிறேன். அடியைப் பொறுத்துக்கொண்டு கிடப்பதற்கு இது காரணம் ஆகாது.

மகளுக்கு அங்கே இருக்கும் வழிகள்

உடனடி ஆபத்து என்றால் 911 என்ற அவசர எண். நியூ ஜெர்சியில் அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். பேச முடியாத நேரத்தில் அதுதான் உதவும். போலீஸ் வந்ததும் கணவருக்கு எதிரில் வாக்குமூலம் கொடுக்க வேண்டாம், தனியே பேச வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். உடலில் காயத்தின் அடையாளம் தெரிந்தால் அடித்தவரைப் போலீஸ் கைது செய்தே ஆக வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். கைது வேண்டாம், பாதுகாப்பு மட்டும் போதும் என்றால் குடும்ப நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, குடியேற்ற நிலையும் பார்க்கப்படாது. தற்காலிக உத்தரவு அன்றன்றே கிடைக்கக்கூடியது. இறுதி விசாரணையைப் பத்து நாளைக்குள் வைப்பார்கள். கணவர் வீட்டை விட்டு வெளியேற வேண்டும், குழந்தை இப்போதைக்குத் தாயிடம் இருக்க வேண்டும், செலவுக்குப் பணம் தர வேண்டும் என்றெல்லாம் அந்த உத்தரவிலேயே எழுத முடியும். வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில் இருப்பதால் மகள்தான் வெளியே போக வேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரியல்ல.

விசா விஷயத்துக்கு வருகிறேன். அடிபட்ட மனைவி கணவரின் கையெழுத்து இல்லாமல் தானே கிரீன் கார்டுக்கு மனு போடலாம் என்று யூடியூபில் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக 1994-ல் வந்த அமெரிக்கச் சட்டம் அது. ஆனால் கணவர் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருந்தால்தான் அது பொருந்தும். எச்-1பி கணவரின் மனைவிக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. அதைச் சொல்லாமல் வீடியோ போடுகிறவர்களை என்னவென்று சொல்வது!

திறந்திருக்கும் கதவுகள் இரண்டு. ஒன்று, எச் வகை விசாக்காரரின் மனைவி, கணவரால் அடிக்கப்பட்டதையோ கடுமையாகக் கொடுமைப்படுத்தப்பட்டதையோ காட்டித் தனியாக வேலை அனுமதி கேட்கலாம். கணவரின் கிரீன் கார்டு மனு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் இதற்குக் கவலை இல்லை. சம்பாதிக்கும் வழி திறக்கும். ஆனால் தங்கும் உரிமையை இது மட்டும் தந்துவிடாது. இரண்டாவது, 2000-ல் கொண்டுவரப்பட்ட ‘யு விசா’. குடும்ப வன்முறை உள்ளிட்ட சில குற்றங்களுக்கு ஆளாகி, விசாரணைக்கு ஒத்துழைத்தவர்களுக்கானது. போலீஸோ அரசு வழக்கறிஞரோ சான்று தர வேண்டும். ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான் கொடுக்கிறார்கள் என்பதால் வரிசை பல வருட நீளம். கிடைத்து மூன்று வருடம் ஆனபின் கிரீன் கார்டு கேட்கலாம். சான்று வேண்டும் என்றால் முதலில் புகார் என்ற ஒன்று இருக்க வேண்டும். ‘போலீஸ் பக்கமே போகாதே’ என்ற அறிவுரை மகளுக்கு எதைப் பறிக்கிறது என்று இப்போது புரிகிறதா? இந்த வகை மனுக்களின் விவரத்தைக் குடியேற்ற அதிகாரிகள் கணவரிடம் சொல்லக் கூடாது. அவர் தரும் தகவலை மட்டும் வைத்து மகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கவும் கூடாது. சட்டமே அப்படிச் சொல்கிறது.

தஞ்சாவூர்க்காரர் விற்கப் பார்க்கும் ‘தனி விசா’ என்று ஒன்று கிடையாது. அமெரிக்கக் குடியேற்ற விஷயத்தில் ஆலோசனை சொல்ல, அங்கே உரிமம் உள்ள வழக்கறிஞருக்கும் அந்நாட்டு நீதித்துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிக்கும் மட்டும்தான் அனுமதி. பொய்யான விவரத்தோடு ஒரு மனு போய்விட்டால் அந்தக் கறை மகளின் கோப்பில் ஆயுளுக்கும் நிற்கும். அந்த 2 லட்சத்தை அங்கே ஒரு நல்ல வழக்கறிஞருக்கு வைத்திருங்கள்.

பணம் இல்லாமலும் உதவி உண்டு. நாடு தழுவிய குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233, இரவு பகல் எந்த நேரமும், மொழிபெயர்ப்பாளரோடு. நியூ ஜெர்சிக்குத் தனி எண் 1-800-572-7233. இலவச சட்ட உதவிக்கு லீகல் சர்வீசஸ் ஆஃப் நியூ ஜெர்சி, 1-888-576-5529. தெற்காசியப் பெண்களுக்காகவே 1985-ல் அதே மாநிலத்தில் தொடங்கப்பட்ட மானவி என்ற அமைப்பும் இருக்கிறது. மாமியார், நகை, ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்பதையெல்லாம் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இந்த எண்களை மகளின் போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். போனைக் கணவர் பார்க்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஊர்ப் பொது நூலகத்தின் கணினியிலிருந்தோ, பேரனுக்குத் தடுப்பூசி போடும் மருத்துவரின் அலுவலகத்திலிருந்தோ மகள் தொடர்புகொள்ளட்டும். அந்த மருத்துவரிடமே ‘வீட்டில் எனக்குப் பாதுகாப்பு இல்லை’ என்று சொன்னாலும் போதும். உதவி அமைப்புகளோடு சேர்த்துவிடும் வழி அவர்களுக்குத் தெரியும்.

தமிழ்ச் சங்கத்தைக் கேட்கலாமா என்கிறீர்கள். சங்கத்தில் நல்லவர்கள் நிறைய இருப்பார்கள். அவசரத்துக்கு ஒரு இரவு தங்க இடம், நம்பகமான வழக்கறிஞரின் பெயர், குழந்தையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள ஒரு வீடு கிடைக்கும். ஆனால் பொங்கல் விழாவில் மாப்பிள்ளையோடு சேர்ந்து பந்தி பரிமாறியவர்களும் அவர்கள்தான். ‘இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசிப் பார்ப்போமே’ என்று யாராவது கிளம்பினால், விஷயம் அன்றிரவே மாப்பிள்ளையின் காதுக்குப் போய்விடும். மகள் தானே நம்புகிற ஒரு பெண்ணிடம் மட்டும் சொல்லட்டும்.

கல்யாணத்தைச் சொல்லி வரவழைப்பது

உங்கள் திட்டங்களில் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். பேரன் அமெரிக்கக் குடிமகன். ஆறு மாதமோ அதற்கு மேலோ அவன் வாழ்ந்த மாநிலம் என்பதால் அவனை யார் வளர்ப்பது என்று முடிவுசெய்யும் அதிகாரம் நியூ ஜெர்சி நீதிமன்றத்துக்கு உண்டு. நீங்கள் அவனை இங்கே வைத்துக்கொண்ட மறுவாரமே மாப்பிள்ளை அங்கே மனு போடலாம். தந்தையின் உரிமையைத் தடுக்கும் நோக்கத்தோடு குழந்தையை நாட்டை விட்டுக் கொண்டுபோவது அந்நாட்டு மத்திய அரசு 1993-ல் கொண்டுவந்த சட்டப்படி அங்கே குற்றம். மூன்று வருடம் வரை சிறை. வன்முறைக்குத் தப்பி ஓடியதாகச் சொல்லி வாதாட அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனால் அது கைதான பிறகு எடுத்துவைக்கும் வாதம்.

‘இந்தியா வந்துவிட்டால் அமெரிக்க உத்தரவு செல்லாது’ என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெற்றோரில் ஒருவர் நாடு விட்டுக் கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்பச் சொல்லும் 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை என்பது உண்மைதான். குழந்தையின் நலனே முதன்மை, வெளிநாட்டு உத்தரவு கவனிக்க வேண்டிய விஷயங்களில் ஒன்று மட்டுமே என்று நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே உச்ச நீதிமன்றம்தான் 2022-ல் ரோஹித் தம்மண கௌடா வழக்கில், அங்கே பிறந்த பையனை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னது. எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கு உறுதி சொல்லும் வழக்கறிஞரை நம்பாதீர்கள்.

திட்டம் திரும்பியும் அடிக்கலாம். கல்யாணத்துக்கு என்று மாப்பிள்ளையும் கூடவே வந்து, இங்கே வைத்து மனைவியின் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு விமானம் ஏறிவிட்டால்? இப்படிக் கைவிடப்பட்ட பெண்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மகளின் விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் புதிதாக வாங்கக் கணவரின் வேலைச் சான்றுகள் வேண்டும். அவர் தர மாட்டார். மகன் அங்கே, தாய் இங்கே என்று ஆகிவிடும். மகள் இங்கே வந்துதான் ஆக வேண்டும் என்றால், குழந்தையோடு பயணம் செய்ய அங்குள்ள நீதிமன்றத்தின் அனுமதியை வாங்கிக்கொண்டு வரட்டும். நாள் ஆகும். ஆனாலும் பிறகு யாரும் தொட முடியாது.

அதற்குப் பதில் நீங்கள் போகலாமே அம்மா. பிரசவத்துக்குப் போனபோது வாங்கிய சுற்றுலா விசா பெரும்பாலும் பத்து வருடத்துக்கானதாக இருக்கும். பாஸ்போர்ட்டில் தேதியைப் பாருங்கள். ‘பேரனைப் பார்க்க வருகிறேன்’ என்பது பொய்யும் அல்ல. ஆனால் மாப்பிள்ளை வீட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். இரண்டு பேரும் குழந்தையோடு போய்த் தங்க இன்னொரு இடத்தை மகள் முன்கூட்டியே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

இங்கே இருந்தபடி நீங்கள் செய்ய வேண்டியவை

சம்பந்தி வீட்டார் மீது புகார் கொடுக்க உங்களுக்கு வழி இல்லாமல் இல்லை. கணவரும் அவர் வீட்டாரும் செய்யும் கொடுமை, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். மகள் பிறந்த வீட்டில் தஞ்சம் புகுந்தால் அந்த ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று ரூபாலி தேவி வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் வெளிநாட்டில் நடந்த குற்றத்தை இங்கே விசாரணைக்கு எடுக்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். அது ஒரு தனி நடை. இதைவிட முக்கியமான ஒன்று: மன்னார்குடி வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நின்றால் அடுத்த பத்தாவது நிமிடம் நியூ ஜெர்சியில் போன் அடிக்கும். அந்த நேரத்தில் அந்த அபார்ட்மெண்டுக்குள் அவரோடு தனியாக இருப்பது யார்? உங்கள் கணவர் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு நியாயம் கேட்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். மகள் பாதுகாப்பான இடத்துக்குப் போன செய்தி வந்த பிறகு புகாரைப் பற்றிப் பேசலாம்.

அதுவரை காகித வேலை இருக்கிறது. மேட்டூர் திறந்த பிறகு வாய்க்காலைத் தூர்வார முடியாது. திருமணப் பதிவுச் சான்றின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்குங்கள். நகைக்கடை ரசீதுகள், கல்யாண ஆல்பம், சீர்வரிசைப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே பையில் சேருங்கள். நகை மகளின் சீதனம், மகளுக்கு மட்டுமே சொந்தம். ‘நாங்கள் போட்ட நகை, நாங்கள் கேட்போம்’ என்பது சட்டத்தில் எடுபடாது: மகளின் அதிகாரம் இல்லாமல் தகப்பனார் சீதனத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்று 2024 ஆகஸ்டில் ஒரு தெலங்கானா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நியூயார்க்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் மூலம் மகள் உங்களுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால், 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீங்கள் இங்கே நகையை மீட்க மனு போடலாம்.

பாஸ்போர்ட்டைக் கணவர் தர மறுத்தால் அதே துணைத் தூதரகத்தில் மாற்று பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இன்னலில் இருக்கும் இந்தியர்களுக்காகத் தூதரகங்களிடம் சமூக நல நிதி ஒன்று உண்டு. கணவரால் கைவிடப்பட்ட பெண்களின் ஆரம்பகட்ட சட்டச் செலவுக்கும் அதில் உதவி கேட்கலாம். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற இணையதளத்தில் குறையை நீங்களே இங்கிருந்து பதியலாம். தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாட்டுத் திருமணங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது. ஆனால் இவர்களில் சிலர் விசாரிப்பதற்காக மாப்பிள்ளையைத் தொடர்புகொள்ளக்கூடும் என்பதால், எப்போது எழுதுவது என்பதை மகளைக் கேட்டே முடிவுசெய்யுங்கள். இங்கே வழக்கறிஞர் செலவுக்குக் கவலை வேண்டாம். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், திருவாரூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி பெற மகளுக்கு உரிமை உண்டு.

மாப்பிள்ளை அங்கே விவாகரத்து வழக்குப் போட்டால் சம்மனை வாங்காமல் இருந்துவிடச் சொல்லி ஊரில் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். இந்து திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக வெளிநாட்டு நீதிமன்றம் தரும் விவாகரத்து, மனைவி சம்மதிக்காவிட்டால் இங்கே செல்லாது என்று 1991-லேயே நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் இங்கே செல்லாத தீர்ப்பு அங்கே செல்லும். எச்-4-ஐயும் பிள்ளையையும் தீர்மானிப்பது அதுதான். எந்தக் காகிதத்திலும் வழக்கறிஞர் பார்க்காமல் மகள் கையெழுத்துப் போடக் கூடாது.

அடுத்த அழைப்பில் மகளிடம் ஒரே ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சாதாரண வாக்கியம், ‘அப்பாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது’ என்பது போல. அதை மகள் சொன்னால் ஆபத்து என்று பொருள். இந்தியாவிலிருந்து 911-ஐ அழைத்தால் அந்த ஊருக்குப் போகாது. மகள் இருக்கும் நகரக் காவல் துறையின் பத்து இலக்க எண்ணை இணையத்தில் இன்றே பார்த்து, முன்னால் 001 சேர்த்து, வீட்டு முகவரியையும் அபார்ட்மெண்ட் எண்ணையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி உங்கள் மகனிடம் கொடுங்கள். ஒரு பெண்ணும் குழந்தையும் நலமாக இருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்க்கும்படி அவர் கேட்டால் போதும். கோடைக்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. அங்கே இரவு பத்து மணி என்றால் இங்கே காலை ஏழரை அல்லது எட்டரை. அந்த நேரத்தில் மகனின் போன் சார்ஜோடு அவர் கையிலேயே இருக்கட்டும்.